குளிர்ப் பக்கத்துக் கட்டங்கள்

மஸ்கட் ரூவியில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் காலை ஏழு மணிக்குள் ஆண்கள் அத்தனை பேரும் டியூட்டிக்குக் கிளம்பிவிடுவார்கள். டியூட்டி என்ற சொல்லுக்கு அங்கே இருந்த மரியாதையைச் சொல்லி மாளாது. காய்ச்சல் வந்தாலும் டியூட்டி, ஊரிலிருந்து மாமனார் வந்து இறங்கினாலும் டியூட்டி. கீழ்வீட்டு மலையாளி அம்மாள் ஆஸ்பத்திரி நர்ஸ், அவருக்கு நைட் டியூட்டிகூட உண்டு. எனக்குத்தான் ஒன்றும் கிடையாது. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள், கல்யாணமாகி குடும்ப விசாவில் வந்திறங்கினேன். அந்த விசாவில் வேலைக்குப் போகக் கூடாது. சாம்பார் வைக்கவும் துணி காயப்போடவும் முதுகலைக் கணிதம் தேவைப்படவில்லை. யாராவது என்னைப் பார்த்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் "ஹவுஸ் வைஃப்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சிவில் இன்ஜினியர். பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறும் முன் ஸ்டூலின் நாலு காலையும் ஆட்டிப் பார்க்கிற ஆள். அப்படிப்பட்டவர் ஒரு நாள் சாயங்காலம் சிவப்பு நிறத்தில் ஒரு பிரம்மாண்டமான அமெரிக்க பிக்கப்பை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். கூட வேலை பார்த்த கனடாக்காரர் நாடு திரும்புகிறார், அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டார், வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை என்றார். வண்டியில் அந்த மனிதர் ஒரு சூப்பர்சார்ஜர் பொருத்தியிருந்தார். இன்ஜின் தானாக இழுக்கும் காற்று போதாதென்று மேலும் காற்றை அழுத்தித் திணிக்கிற கருவி அது. அதைத் திணித்துக்கொண்டு அந்த வண்டி புலி மாதிரி பாயுமாம். என் கணவர் அதை எண்பதில் ஓட்டினார்.

எண்பதிலும் தகராறுதான். வெயில் நேரத்தில் மேடு ஏறினால் இன்ஜினுக்குள் தகர டப்பாவில் கோலிக்குண்டு உருட்டுகிற மாதிரி சத்தம். பெட்ரோல் எரிய வேண்டிய நேரத்துக்கு முன்னாலேயே எரிந்துவிடுகிறது, இப்படியே விட்டால் இன்ஜின் உடைந்துவிடும் என்று ஒர்க்‌ஷாப்பில் பயமுறுத்தினார்கள். சூப்பர்சார்ஜரைக் கழற்றி எறியச் சொன்னார்கள். கனடாக்காரர் வண்டியோடு ஒரு கேபிளும் ஒரு சிடியும் கொடுத்துப் போயிருந்தார். கேபிளின் ஒரு முனையை ஸ்டீயரிங்குக்கு அடியில் செருகி மறுமுனையை லேப்டாப்பில் செருகினால், இன்ஜினுக்குள் இருக்கும் கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கலாம், மாற்றி எழுதலாம். என் கணவர் ஒரு வாரம் அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"அம்மிணி, இதுல கை வெச்சா வண்டி போயிரும்னு பயமா இருக்குது. வித்துப்போடலாம்" என்றார்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, தூக்கம் வராமல் நான் அதைத் திறந்தேன். திரை முழுக்கக் கட்டங்கள். குறுக்கே இன்ஜின் சுற்றும் வேகம், நெடுக்கே உள்ளே போகும் காற்று, ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். இந்த வேகத்தில் இவ்வளவு காற்று வந்தால் இவ்வளவு பெட்ரோல் விடு என்று அர்த்தம். இன்னொரு பக்கம் போனால் தீப்பொறி எப்போது வர வேண்டும் என்பதற்குத் தனியாகக் கட்டங்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த எண்களெல்லாம் எழுந்து நின்று, மேடும் பள்ளமுமாக ஒரு வண்ணப் பரப்பாக மாறின. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இது வண்டி என்று யார் சொன்னது? இது என்னுடைய பாடம். இரண்டு வருஷமாக என்னைக் கேட்பாரில்லாமல் கிடந்த பாடம்.

இன்டர்நெட் கார்டுகளை வாங்கி வாங்கித் தேய்த்து, அமெரிக்காவிலும் கனடாவிலும் உட்கார்ந்து இதே வேலையைச் செய்கிறவர்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். முறை எளிதுதான். ஒருவர் ஓட்ட வேண்டும், ஒருவர் லேப்டாப்பில் பதிவு செய்ய வேண்டும். கேட்ட பெட்ரோலுக்கும் உண்மையில் எரிந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைப் புகைக்குழாயில் இருக்கும் சென்சார் சொல்லும். வீட்டுக்கு வந்து அந்த வித்தியாசத்தை வைத்துக் கட்டங்களைத் திருத்தி, மறுபடி வண்டிக்குள் எழுத வேண்டும். மறுபடி ஓட்ட வேண்டும். சொல்லும்போது எளிது. முதல் தடவையே கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிட்டேன். ரூவி ரவுண்டபவுட்டில் வண்டி கரும்புகை கக்கிய அழகைப் பார்த்து டாக்ஸிக்காரர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள். என் கணவர் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். ஓட்டுகிறவர் அவர்தான் என்பதை நான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமைக் காலைகளில் ஃபஞ்சா தாண்டி நிஸ்வா ரோட்டுக்குப் போவோம். பதிவு செய்யும்போது ஏசி போடக் கூடாது என்று எழுதியிருந்தது. எழுதினவன் பனிக்கட்டிக்கு நடுவில் உட்கார்ந்து எழுதியிருப்பான். ஜூன் மாத மஸ்கட்டில் ஏசியை நிறுத்தி, காற்றும் மணலும் அடிக்காமலிருக்கக் கண்ணாடியையும் ஏற்றி, வெயிலில் திரை தெரியாததால் துப்பட்டாவை என் தலைக்கும் லேப்டாப்புக்கும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளே இட்லி வேகும். அங்கே எல்லா வண்டியிலும் நூற்றிருபதைத் தாண்டினால் மணியடிக்கும். மணி அடித்த உடனே என் கணவரின் கால் தானாக மேலே வந்துவிடும்.

"ஏனுங்க, முழுசா அழுத்துங்க. மேல் வரிசைக் கட்டமெல்லாம் காலியாவே கெடக்குது."

"மணி அடிக்குதில்ல அம்மிணி."

"அடிச்சா அடிச்சுட்டுப் போகட்டும். பள்ளிக்கூடமா விட்டுட்டாங்க?"

இப்படிச் சண்டை போட்டே மூன்று மாதம் ஓடியது. காற்று சூடாக வரும்போது தீப்பொறியைக் கொஞ்சம் தாமதப்படுத்தினேன், பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டினேன், கட்டம் கட்டமாக நகர்ந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை ஃபஞ்சா மேட்டில் நட்ட நடு வெயிலில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முழுசாக அழுத்தினார். வண்டி சீறிக்கொண்டு ஏறியது. கோலிக்குண்டுச் சத்தம் இல்லை. மேட்டின் உச்சியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, இரண்டு பேரும் வேர்வை சொட்டச் சொட்டச் சிரித்தோம். கல்லூரியில் என் மாணவி முதல் மார்க் வாங்கியபோதுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். வண்டி ஸ்டார்ட் ஆகும்போது எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்பதற்கு ஒரு தனி வரிசை உண்டு. இன்ஜின் தண்ணீரின் சூட்டைப் பொறுத்து அது மாறும். அந்த வரிசை மைனஸ் நாற்பதில் ஆரம்பித்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. ரூவியில் குழாயில் பச்சைத் தண்ணீர் வருவதற்கே டிசம்பர் வரை காத்திருக்க வேண்டும். குளிர்ப் பக்கத்துக் கட்டங்களில் எண்கள் செங்குத்தாக ஏறி, என் வழவழப்பான பரப்பின் ஓரத்தில் ஒரு கொம்பு மாதிரி துருத்திக்கொண்டிருந்தன. யாருக்கு வேண்டும் இது என்று, இருபது டிகிரிக்குக் கீழே இருந்ததையெல்லாம் ஒரே எண்ணாகத் தட்டி மட்டமாக்கிவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது.

அந்த வருஷக் கடைசியில் என் கணவருக்குக் கம்பெனியில் வண்டி தருவதாகச் சொன்னார்கள். கட்டடத்துக்குக் கீழே எங்களுக்கு ஒரு பார்க்கிங்தான். அவர் கணக்கு நேராக இருந்தது. ஓசியில் கார் வருகிறது, பிக்கப்பை விற்றுவிடலாம். நான் நாலு நாள் சரியாகப் பேசவில்லை. ஐந்தாம் நாள் தோசைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கொட்டித் தீர்த்தேன்.

"அது உங்களுக்கு வண்டி. எனக்கு அது ஒண்ணுதானுங்க இந்த ஊர்ல. அதையும் வித்துப்போட்டா நான் பழையபடி டிவி முன்னாடி உக்கார வேண்டியதுதான்."

அவர் ஸ்டூலை ஆட்டிப் பார்ப்பது போல யோசித்தார். பிறகு ஓர் ஒப்பந்தம் போட்டார். ஜனவரியில் நிஸ்வாவுக்கு அப்பால் இருக்கும் பச்சை மலைக்குப் போய் ஒரு ராத்திரி தங்கி வருவோம். ஒரு சின்னத் தகராறும் இல்லாமல் வண்டி போய்த் திரும்பினால் கம்பெனிக் கார் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன். தகராறு பண்ணினால் விற்கிறோம், அதற்கப்புறம் நீ முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளக் கூடாது. நான் சிரித்துக்கொண்டே சம்மதித்தேன். ஃபஞ்சா மேட்டை நட்ட நடு வெயிலில் ஏறின வண்டிக்கு ஜனவரியில் என்ன வந்துவிடும்?

மலை ஏறும் இடத்தில் ஒரு போலீஸ் சாவடி உண்டு. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிகளை மட்டும்தான் மேலே விடுவார்கள். போலீஸ்காரர் என் கணவரிடம் என்ன வேலை, எங்கே வேலை என்று கேட்டுவிட்டு என் பக்கம் கண்ணைக் காட்டினார். "ஹவுஸ் வைஃப்" என்று வழக்கம்போல வந்தது பதில். என் மடியில் லேப்டாப் இருந்தது. நான் அதைக் கொஞ்சம் சத்தமாக மூடினேன்.

வண்டி மலையில் வெண்ணெயாக ஏறியது. விடுதி வாசலில் நிறுத்திவிட்டு, பாதாளத்தில் அடுக்கடுக்காகத் தெரிந்த மாதுளைத் தோட்டங்களைப் பார்த்தோம். ஊட்டிக்கு வாங்கின குரங்குக் குல்லாவை என் கணவர் ஞாபகமாக எடுத்து வந்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு, வண்டி நல்லாத்தான் இருக்குது அம்மிணி என்று அவரே சொன்னார். நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

காலையில் கண்ணாடி மேல் உப்புத் தூவினது போல உறைபனி. அவர் சாவியைத் திருப்பினார். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினார். சுற்றியது, இருமக்கூட இல்லை. குல்லாவுக்குள்ளிருந்து இரண்டு கண்கள் என்னைப் பார்த்தன.  அந்தப் பார்வைதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

லேப்டாப்பைச் செருகினேன். தண்ணீர்ச் சூடு என்ற இடத்தில் ஒன்று என்று காட்டியது. ஒரு டிகிரி.  குளிர்ந்த இன்ஜினுக்கு நிறையப் பெட்ரோல் வேண்டும், அதற்குத்தான் அந்தக் கொம்பு துருத்திக்கொண்டிருந்தது. அழகு கெடுகிறதென்று அதைச் சீவித் தள்ளியவள் நான். குளிர்நாட்டுக்காரன் ஏசியை நிறுத்தச் சொன்னதற்கு அவனைத் திட்டிக்கொண்டே இருந்தேனே, சூடுநாட்டுக்காரியான நான் என்ன செய்தேன்? உலகம் முழுக்க ரூவி என்று நினைத்துவிட்டேன். கனடாக்காரரின் பழைய எண்கள் இருந்த சிடி வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தது.

அடுத்த வீட்டிலிருந்து ஓர் ஓமானியர் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்தார். மாதுளைத் தோட்டக்காரர், எங்கள் வயதுதான் இருக்கும். கையில் காவா என்கிற அரபுக் காபி நிறைந்த ஃபிளாஸ்க். "சூ முஷ்கில்?" என்று கேட்டார், என்ன சிக்கல் என்று. அதற்கு மேல் இந்தியில் பேசினார். அவருடைய இந்தி எங்கள் இரண்டு பேருடையதைவிடவும் தேவலாம். பேட்டரி இறங்கிவிடுமே என்று என் கணவர் கவலைப்பட்டதும், தன் பிக்கப்பைக் கொண்டுவந்து எதிரில் நிறுத்தி, இரண்டு பேட்டரிக்கும் ஒயர் மாட்டிவிட்டார்.

நான் கட்டங்களோடு உட்கார்ந்தேன். விரல் விறைத்துப்போயிருந்தது. இருபதுக்கு மேலே நான் தொடாத எண்கள் அப்படியே இருந்தன. அவை எந்த விகிதத்தில் ஏறுகின்றன என்று பார்த்து, அந்த வளைவையே குளிர்ப் பக்கம் நீட்டினேன். கல்லூரியில் வருஷா வருஷம் கரும்பலகையில் போட்ட கணக்குதான். எழுதும்போது கரண்ட் இறங்கினால் இன்ஜின் கம்ப்யூட்டர் செத்துவிடும், அப்புறம் வண்டியைத் தூக்கிக்கொண்டுதான் மலையிறங்க வேண்டும்.

"கதவத் தொறக்காதீங்க. ஒண்ணையும் தொடாதீங்க. சித்த நேரம் அப்படியே உக்காருங்க" என்றேன்.

திரையில் பட்டை நகர்ந்தது. எங்கள் மூச்சு ஆவியாகிக் கண்ணாடியை மறைத்தது. வெளியே அந்த மனிதர் தன் பிக்கப்பின் ஆக்ஸிலேட்டரை ஒரே சீராக அழுத்திக்கொண்டிருந்தார். பட்டை முடிந்தது. என் கணவர் சாவியைத் திருப்பினார். இன்ஜின் இருமியது, செருமியது, அணைந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம் வேணும்" என்றேன். இருமினதே எனக்குப் போதுமாக இருந்தது. வளைவை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி மறுபடி எழுதினேன். இந்த முறை சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. பனியில் அந்தச் சத்தம் மலை முழுக்கக் கேட்டிருக்கும். நான் கத்தின கத்தலும்தான். ஓமானியர் இரண்டு கையையும் மேலே தூக்கினார். காவாவை ஊற்றி முதலில் எனக்குத்தான் கொடுத்தார்.

அதற்கப்புறம்தான் எனக்கு ஒப்பந்தம் ஞாபகம் வந்தது. வண்டி தகராறு பண்ணிவிட்டது. அதற்குச் சாட்சி சொல்ல ஒரு மலையே இருந்தது. அந்த ஓமானியர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, இதைக் கொடுப்பீர்களா என்று கேட்டார். மலையில் இப்படிப்பட்ட வண்டிதான் வேண்டும் என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். பேச்சு பேச்சுதான். நான் தலையை ஆட்டினேன். கீழே வந்து சேரும் வரை நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை. அந்த முகத்தை வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அடுத்த வாரம் அந்த ஓமானியர் ஷேர் டாக்ஸியில் ரூவிக்கு வந்தார். காகிதமெல்லாம் முடிந்து டீ குடித்தார். நான் உள்ளே போய்க் கேபிளைச் சுற்றி எடுத்துவந்து, சிடியோடு சேர்த்து அவர் முன்னால் வைத்தேன்.  அவர் அதை அப்படியே என் பக்கம் நகர்த்தினார்.

"இது எனக்கு எதுக்கு மேடம்? எனக்கு இது தெரியாது. வெயில் பக்கம் நீங்க முடிச்சிட்டீங்க. குளிர்ப் பக்கம் ஒரு காலைதானே பார்த்தீங்க? இன்னும் எத்தனை காலை இருக்கு. வந்து முடிச்சுக் கொடுங்க. எங்க வீட்டுல தங்கிக்கலாம், என் மனைவி சமைப்பா" என்றார் இந்தியில். விலை பேசும்போதே அதையும் சேர்த்துத்தான் நினைத்தாராம்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"கம்பெனிக் காரை மலைக்கு விட மாட்டாங்களே" என்றேன். 

"அவரே வந்து கூட்டிட்டுப் போறாராமா. போன்லயே பேசிட்டேன்" என்றார்.

அடுத்த வியாழக்கிழமை வாசலில் அதே சிவப்பு வண்டி வந்து நின்றது. ஓமானியர் ஓட்ட, நான் முன்சீட்டில் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். என் கணவர் குரங்குக் குல்லாவைக் கையில் சுருட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறினார். அந்த வண்டியில் அவர் பின்சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நூற்றிருபதில் மணி அடித்தது, ஓமானியர் காலை எடுக்கவே இல்லை. பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது.

சாவடியில் அதே போலீஸ்காரர். உள்ளே குனிந்து பார்த்து, வழக்கம்போல என்னோடு வந்த ஆம்பளையைத் தேடி, பின்சீட்டைப் பார்த்துக் கேட்டார். என்ன வேலை, எதற்காக மேலே போகிறீர்கள்?

நான் அந்தச் சொல்லுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"டியூட்டி மேடத்துக்கு" என்றார் என் கணவர், அவருடைய ஓட்டை இந்தியில். "நான் சும்மா கூட வந்திருக்கேன்."

ஓமானியர் அரபியில் ஏதோ சொன்னார், போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே கையசைத்து வழிவிட்டார். நான் பின்னால் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். லேப்டாப்பைத் திறந்து கேபிளைச் செருகினேன். வண்டி மலை ஏற ஆரம்பித்தது.